படம் போட்டவருக்கும் ஒரு நாற்காலி

மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில், நெகிரி செம்பிலானைத் தொட்டுக்கொண்டு, அலோர் காஜா மாவட்டத்தில் இருக்கிறது லூபோக் சீனா. சிறிய பட்டணம். அதைச் சுற்றிய வட்டாரம் முன்பு ரப்பர்க் காடாக இருந்தது. இன்று அதில் பெரும்பகுதி செம்பனை. இப்படிப்பட்ட ஓர் இடத்துத் தமிழ்ப் பிள்ளையின் கைக்குத் தன் மொழியில் ஒரு படப்புத்தகம் எந்த வழியாக வந்தது, வராமல் போன காலங்களில் ஏன் வரவில்லை என்று தேடினால், அந்தத் தேடல் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தொடங்கிச் சென்னையில் நடந்த எழுத்தாளர் கூட்டங்களில் போய் நிற்கிறது. குழந்தை நூல் என்பது தனி ஒருவரின் திறமையால் மட்டும் உண்டாவதில்லை. எழுதுகிறவரும் வரைகிறவரும் அச்சிடுகிறவரும் கற்பிக்கிறவரும் ஓரிடத்தில் கூடிப் பேசும்போதுதான் அது ஒரு துறையாகிறது. தமிழில் அந்தக் கூட்டம் 1950இல் பாதியளவு கூடியது. வராமல் போன மறுபாதி ஓவியர்கள். அந்தக் குறையின் விலையைச் சென்னைப் பிள்ளையைவிட மலாக்காத் தோட்டத்துப் பிள்ளைதான் அதிகம் கொடுத்தது என்பதே என் வாதம்.

மலாக்காவுக்குத் தமிழ்க் கல்வி புதிதல்ல. இந்நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்து, மலாய் உரைநடைக்கே புதுத் தடம் போட்ட முன்ஷி அப்துல்லா, சிறுவயதில் தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதைத் தன்வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். மலாக்காவின் வசதியான குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது அன்றைய வழக்கம். வணிகக் கணக்குக்கு அது தேவைப்பட்டது. ஆனால் கணக்குக்காகக் கற்கும் மொழி, கணக்கு வேறு மொழிக்கு மாறியதும் போய்விடும். இதே நகரில் காஜா பேராங் பகுதியில் வாழும், பழைய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் சைவத்தை விடவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் அவர்கள் வழிபாட்டில் இருக்கிறது. வீட்டு மொழியோ மலாயாகிவிட்டது. கலப்பு மணமும், தமிழகத்தோடு தொடர்பு அறுந்ததும் அதற்கு முதற்காரணங்கள். புத்தகம் இருந்திருந்தால் தமிழ் பிழைத்திருக்கும் என்று சொல்வது மிகை. ஆனாலும் கோயிலும் சடங்கும் உணவும் இருந்தால் மொழி தானே நின்றுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு காஜா பேராங் தெருக்கள் பதில் சொல்கின்றன. தாய் பேசாத மொழியைப் பிள்ளைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேறொரு கருவி வேண்டும்.

தோட்டத்துக்கு வருவோம். 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன் பிறகு கங்காணிகள் ஆள் கட்டிக் கப்பலேற்றி வந்த தமிழர்களின் பிள்ளைகள் லயங்களில் வளர்ந்தன. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில், சற்று வளர்ந்தது பெற்றோரோடு வெளிக்காட்டில், இடையில் இருப்பது பள்ளியில். மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி என்றால் பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில். ஆசிரியர் கிடைக்காத தோட்டத்தில் எழுத்தரான கிராணியோ கங்காணியோ பாடம் சொல்லிக்கொடுத்தார். புத்தகம் தமிழகத்திலிருந்து வந்தது. அரிச்சுவடியைத் திறந்தால் முதல் படம் அணில், முதுகில் மூன்று கோடு போட்ட தமிழ்நாட்டு அணில். மலாயாவில் பரவலாகக் காணும் அணிலுக்கு அந்த மூன்று கோடு கிடையாது. சில பக்கம் தள்ளி ஒட்டகம். பிள்ளை தினமும் பார்க்கும் பால்மரம், அதில் பால் பிடிக்கக் கட்டிய மங்கு, அப்பா தோளில் தொங்கும் காண்டா வாளி, வெயிலேறியதும் சடசடவென வெடித்து விதை தெறிக்கும் ரப்பர்க் காய் ஆகியவற்றில் எதற்கும் அந்தப் புத்தகத்தில் இடமில்லை. எழுத்து தமிழாகவும் படம் அயலாகவும் இருந்தால் பிள்ளை எழுத்தையும் அயலாகவே எண்ணிவிடும். அச்சிட்டவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. பார்க்காத மரத்தை அவர்கள் எப்படி வரைவார்கள்?

இந்தப் பின்னணியில் 1950ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. சக்தி வை. கோவிந்தன் தலைவர், அதற்கு உயிராக இருந்து உழைத்தவர் அழ. வள்ளியப்பா. இருவரும் புதுக்கோட்டைப் பக்கத்து இராயவரத்துக்காரர்கள். வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாடல் எழுதினார். அவர் பாடல் தொகுப்பான 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தது. இந்தச் சங்கம் எதைச் சாதித்தது என்று கேட்டால் பலர் அவர் பாடல்களைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. குழந்தை எழுத்தாளர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று சங்கம் ஒரு விவர நூல் போட்டது. மாநாடு கூட்டியது, புத்தகக் கண்காட்சி வைத்தது, போட்டி நடத்திப் பரிசு கொடுத்தது. அதுவரை பள்ளி ஆசிரியராகவோ குமாஸ்தாவாகவோ மட்டும் தம்மை நினைத்திருந்த ஒருவர், அங்கே வந்து உட்கார்ந்த பிறகு தம்மைக் குழந்தை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளத் துணிந்தார். பதிப்பாளருக்கு யாரைத் தேடிப் போவது என்று தெரிந்தது. போரில் சிதைந்த ஜெர்மனியில் யெல்லா லெப்மன் 1949இல் மியூனிக்கில் இளைஞர் நூலகத்தைத் திறந்து, 1951இல் பல நாட்டாரை அங்கே கூட்டி, 1953இல் சூரிச்சில் இளையோர் நூல்களுக்கான அனைத்துலக அமைப்பை நிறுவினார். தமிழர் சங்கம் அமைத்தது அந்த அமைப்புக்கும் மூன்றாண்டு முன்பு. யாரையும் பார்த்துச் செய்ததல்ல; தேவை உந்திச் செய்தது.

சங்கம் இல்லாத காலத்திலும் நல்லது எழுதப்படவில்லையா என்று கேட்கலாம். பாரதி பாப்பாவுக்குப் பாடியது 1915இல். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்கு எந்த மாநாடும் வழிகாட்டவில்லை. உண்மைதான். மேதை தனியே வருவான். ஆனால் ஒரு பிள்ளைக்கு வேண்டியது ஒரு பெரும் பாடல் மட்டுமல்ல. ஐந்து வயதுக்கு ஒன்று, ஆறு வயதுக்கு இன்னொன்று, அடுத்த மாதம் வேறொன்று என்று ஓயாமல் வந்துகொண்டிருக்கும் வாசிப்பு. அந்தத் தொடர்ச்சியை மேதைகளால் தர முடியாது. நடுத்தரத் திறமையுள்ள நூறு பேர் ஒருவரையொருவர் படித்து, திருத்தி, போட்டியிட்டு எழுதும்போதே அது வரும். கலைக்களஞ்சியம் போன்ற பெரும்பணியிலும் இதைக் காணலாம். பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பலர் கூடிச் செய்த வேலை. தூரன் தாமே கவிஞர். ஆனாலும் அதைத் தனியாகச் செய்திருக்க முடியாது.

இனி அந்த மறுபாதி. சங்கத்தில் கூடியவர்கள் எழுத்தாளர்கள். ஓவியர் வந்திருந்தாலும் துறையின் சம பங்காளியாக அல்ல, பதிப்பாளர் கூப்பிட்டால் வந்து படம் போட்டுக்கொடுத்துப் போகிறவராகவே கருதப்பட்டார். இதற்கு அச்சுக்கூடத்துக் கணக்கும் ஒரு காரணம். ஈய எழுத்துக் கோத்து அடித்த காலத்தில், கோட்டுப்படம் ஒவ்வொன்றுக்கும் தனியே பிளாக் செய்ய வேண்டும். வண்ணம் என்றால் ஒரு படத்துக்கே மூன்று நான்கு பிளாக். குறைந்த விலைக்கு விற்க வேண்டிய புத்தகத்தில் அந்தச் செலவு தாங்காது. எனவே ஒரு கதைக்குச் செய்த பிளாக்கை இன்னொரு கதைக்கும் போட்டார்கள். ஓவியருக்குப் படத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெயர் பல புத்தகங்களில் வராது. இதற்கு மாறான வழியும் அதே சென்னையில் கண்ணெதிரே இருந்தது. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் ஓவியர்கள் சம்பளத்துக்கு அமர்ந்து, ஆசிரியர் குழுவோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். 1952இல் அங்கே சேர்ந்த சங்கர், முறையாக ஓவியக் கல்லூரியில் படித்தவர். உருவிய வாளோடு, தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமனை அவர் வரைந்த விதம் இன்றும் பலர் மனத்தில் இருக்கிறது. கதையை மறந்தவர்களும் படத்தை மறக்கவில்லை. எழுத்தும் படமும் ஒரே மேசையில் பிறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலாயாவில் கூட்டம் வேறு உருவில் கூடியது. இங்கே அதற்கு இடம் கொடுத்தவை நாளிதழ்கள். 1950இல் 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு எழுதப் பழகுகிறவர்களைத் திரட்டியது. அதே 50களில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு', மாணவர் எழுதும் பகுதியான மாணவர் மணிமன்றத்தை வளர்த்தது. தோட்டத்துப் பிள்ளை எழுதி அனுப்பிய நாலு வரி அச்சில் வந்தது. பெயரோடு ஊரின் பெயரும் வந்தது. அந்தப் பக்கங்களில் பழகியவர்கள் பின்னாளில் ஆசிரியர்களும் கவிஞர்களும் ஆனார்கள். பிறகு 1956இன் ரசாக் கல்வி அறிக்கை பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து, பாடநூல் இந்நாட்டைப் பேச வேண்டும் என்றது. அதன் வழியாகப் பால்மரமும் பாடப்புத்தகத்துக்குள் வந்தது. தோட்டப்புறத்தில் வளர்ந்து தமிழாசிரியரான முரசு நெடுமாறன் போன்றோர் வகுப்புக்கும் வானொலிக்கும் பாடல் எழுதினார்கள். எழுத்துப் பக்கம் இப்படி நிரம்பியது. மலாய் மொழிக்கோ 1956இல் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா என்ற அரசு நிறுவனமே அமைந்தது. நூலும் இதழும் வெளியிட்டு, எழுதுகிறவரையும் வரைகிறவரையும் அமர்த்த அதற்கு நிதி இருந்தது. தமிழுக்கு அப்படி ஒரு கூரை இல்லை. கூரை இல்லாதவர்களுக்குத்தான் கூட்டம் இன்னும் அவசியம்.

மாநாடு என்றாலே பலருக்கு அலுப்பு. மாலை, பொன்னாடை, நன்றியுரை, மலர் வெளியீடு. பிள்ளைக்கு அதில் என்ன கிடைத்தது என்ற கேள்வி நியாயமானது. 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகள் முயற்சியால் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. தமிழாய்வுக்கு அது பெரும் திருப்பம். அத்தகைய மாநாட்டைக் குழந்தை நூலுக்கு அப்படியே கொண்டுவந்தால் பயன் இராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வாளன் கட்டுரை வாசித்தால் போதும். குழந்தை நூலுக்குக் கையெழுத்துப் படியும் படமும் மேசைமேல் விரிய வேண்டும்; ஒன்றாம் வகுப்பு ஆசிரியை இந்த வரியைப் பிள்ளை மூச்சு விடாமல் படிக்க முடியாது என்று சொல்ல வேண்டும்; ஓவியர் இந்தப் பத்தி வேண்டாம், படமே சொல்லிவிடும் என்று அடிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2000இல் ஆசியக் குழந்தை எழுத்தாளர், ஓவியர் மாநாடு தொடங்கியபோது இருவரையும் ஒரே பெயரின் கீழ் அழைத்தார்கள். 2010இல் அது ஆசியச் சிறுவர் உள்ளடக்க விழாவாக விரிந்தது. ஓவியரை அழைப்பிதழிலேயே சேர்த்ததுதான் அதன் சிறப்பு என்று நினைக்கிறேன்.

இன்னொரு மறுப்பு கனமானது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் காலியாகி, பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனபோது தமிழ்ப்பள்ளிகளே மூடப்பட்டன. 1957இல் நாடு முழுதும் 888 இருந்தவை இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மலாக்கா மாநிலத்தில் 21. கூரை ஒழுகும் பள்ளிக்குப் படப்புத்தகமா முதல் தேவை என்று கேட்கிறார்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது தவறு. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தாய் யோசிக்கும் நேரத்தில், கட்டடத்தோடு அங்கே படிக்க என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கிறாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் பளபளக்கும் படப்புத்தகம் கடையில் குவிந்திருக்க, தமிழில் பயிற்சிப் புத்தகம் மட்டும் கிடைத்தால், தமிழ் தேர்வுக்குரிய மொழி என்ற எண்ணமே வீட்டில் வேர்பிடிக்கும். முன்ஷி அப்துல்லா காலத்துக் கணக்குத் தமிழின் கதியும் அதுதானே.

பணத்துக்கு எங்கே போவது என்பதற்கு மலாயாவே ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் தமிழுக்கு இடமும் நூலகத்துக்குப் புத்தகமும் வேண்டும் என்று 50களில் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கியபோது, பால்மரம் சீவியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ஒரு வெள்ளியாகக் கொடுத்தார்கள். தாங்கள் நுழையப்போகாத பல்கலைக்கழகத்துக்காகக் கொடுத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் ஒன்றாம் வகுப்புக்காக, கோலாலம்பூரில் அல்லாமல் அலோர் காஜாவிலோ லூபோக் சீனாவிலோ இரண்டு நாள் ஒரு கூட்டம் கூட்டலாம். வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களையும், எழுதுகிறவர்களையும், கணினியில் வரையக் கற்று விளம்பரத் தொழிலில் இருக்கும் தமிழ் இளைஞர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்கலாம். வரைகிறவருக்கு அந்த இரண்டு நாளுக்கும் கூலி கொடுத்து, அட்டையில் எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அவர் பெயரையும் போடுவதாக முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.