அரக்கில் பதிந்த குரல்கள்

செஞ்சியை அடுத்த மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் குடைவரை அமைத்ததை 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் கல்லில் பொறித்தான். அச்சொல் இன்றும் நிற்கிறது. நம் பாடகர்களின் குரல்களுக்கோ அந்த உறுதி வாய்க்கவில்லை. அவை முதலில் பதிந்தது அரக்குத் தட்டில்.

நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். விழுந்தால் உடையும், எஃகு ஊசி ஓடும்தோறும் தேயும். நிக்காஹ் பந்தலில் ஒலிபெருக்கிக்காரர் வைத்த தட்டுகளைக் கேட்டே பலர் பாட்டுப் பிரியர்களாயினர். 1980-களில் ஒலிநாடா பரவியது. கந்தூரிக் கச்சேரிக்குச் செல்ல இயலாத பெண்களும் இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபா (1925–2015) அவர்களின் கணீர்க் குரலை அடுக்களையிலிருந்தே கேட்டனர். ஏடு படிக்கத் தெரியாதவர்களும் நபிமார் வரலாற்றைச் செவிவழி அறிந்தனர்.

'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலை அறியாதார் அரியர். அதை இயற்றிய ஆர். அப்துல் சலாம் அவர்களை அறிந்தோரோ சிலரே. தட்டின் நடுத்தாள் கிழிந்தால் கவிஞரின் பெயரும் அதனோடு போய்விடுகிறது.

ஆகவே, பரணில் கிடக்கும் தட்டுகளையும் நாடாக்களையும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாதிருப்போம். வெயில் படாத இடத்தில் தட்டுகளை நிமிர்த்தி வைப்போம். கணினியில் பதிவு செய்வோம். பாடியவர், எழுதியவர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைப்போம். இன்ஷா அல்லாஹ், நம் பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள்.