லீவுக்கு வந்த தாத்தா ஏன் அவசரமாகத் திரும்பினார்?

இன்னிக்கு எபிசோடை எங்க ஊர் மங்கலம்பேட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். விருத்தாசலத்தில் இருந்து உளுந்தூர்பேட்டை போகிற வழியில் இருக்கிற ஊர்.

எங்க தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக்கடையில் கணக்கு எழுதினவர். 1950களின் நடுவில் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கு; தாத்தா நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிட்டார். "பெத்தவளுக்குக் காரியம் பண்ணாம காசுக்கு ஓடினவன்"னு ஊர் பேசிச்சு. அந்தப் பேச்சை நானே சின்ன வயசில் கேட்டிருக்கேன்.

போன வருஷம் பரண்ல இருந்த தகரப்பெட்டியைத் திறந்தோம். அவருடைய பழைய பாஸ்போர்ட்டுக்குள்ள மடிச்சு வெச்ச ஒரு தாள் இருந்தது. ரீ-என்ட்ரி பெர்மிட். அதாவது, வெளியே போனவர் மறுபடி உள்ளே வருவதற்கான அனுமதி.

இந்தத் தாள் எப்படி வந்தது? பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயாவும் இந்தியாவும் ஒரே சாம்ராஜ்யம். 1933இல் மலாயா கொண்டுவந்த அந்நியர் சட்டம் முக்கியமாகச் சீனர்களைத்தான் கட்டுப்படுத்தியது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அதில் சிக்கவில்லை. ஊருக்கு வருவாங்க, கல்யாணம் முடிப்பாங்க, அறுவடை பார்ப்பாங்க, மறுபடி கப்பல் ஏறுவாங்க.

1953 ஆகஸ்ட் 1ஆம் தேதி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தது. புதிதாக வருவோருக்குக் கதவு ஏறக்குறைய மூடியது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் ஊருக்கு வந்துபோக வேண்டுமென்றால் இந்தப் பெர்மிட் வேண்டும். அதில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அது தாண்டினால், நீங்க பழைய ஆள் இல்லை. புதிதாக வாசலில் நிற்கிற ஆள்.

இதைவிடக் கடுமையான கணக்கு இலங்கையில் நடந்தது. அங்கே 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கான குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால், கல்யாணமானவர் 7 வருஷம், மற்றவர் 10 வருஷம் இடைவிடாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. பிரசவத்துக்கோ, சொத்துத் தகராறுக்கோ ஊருக்கு வந்து தங்கிவிட்ட தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பயணமே எதிர்ச்சாட்சி ஆகிவிடும். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

கவனிச்சீங்களா? ஒருத்தர் அங்கே எத்தனை வருஷம் உழைச்சார் என்பதைவிட, எத்தனை நாள் அங்கே இல்லை என்பதற்குத்தான் எடை அதிகம்.

அப்புறம் எங்க ஊர்க்காரங்க போன திசை மாறிச்சு. மலாயா போய் வளைகுடா வந்தது. எங்க மாமா ரியாத்தில் வேலை பார்க்கிறார். அங்கே இதன் பெயர் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா. 2021 மார்ச்சில் தொழிலாளர் சீர்திருத்தம் வரும்வரை, கஃபீல் சம்மதிக்காமல் தொழிலாளி ஊருக்கே கிளம்ப முடியாது. விசா காலத்துக்குள் திரும்பாதவருக்கு மூன்று வருஷம் நுழையத் தடை என்ற விதியும் நெடுநாள் இருந்தது.

2020 பிப்ரவரியில் மாமா இரண்டு மாத லீவில் வந்தார். மார்ச் 23 முதல் இந்தியாவுக்கான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நின்றுபோயின. அவருடைய தேதி மட்டும் நிற்கவில்லை, ஓடிக்கிட்டே இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் போனில் விசா நிலவரத்தைப் பார்ப்பார். சவுதி அரசு கட்டணம் இல்லாமல் பல தடவை நீட்டித்துக் கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு நீட்டிப்பு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. இந்தியாவிலிருந்து நேரடியாக வரலாம் என்று 2021 டிசம்பரில் சவுதி திறந்துவிட்ட பிறகுதான் கிளம்பினார். சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருந்தும் அந்த மனுஷன் ஒருநாள்கூட நிம்மதியாக இல்லைங்க.

மாமாவை அப்படிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தாத்தாவைப் புரிஞ்சது. அன்றைக்கு நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்குக்கு ரஜூலா போன்ற சில கப்பல்கள்தான். ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல நாள் காத்திருக்கணும். அந்தத் தாளில் இருந்த கடைசித் தேதியையும், பாஸ்போர்ட்டில் பினாங்கில் இறங்கினதுக்குக் குத்தின முத்திரையையும் பக்கத்தில் வெச்சுப் பார்த்தேன். மிச்சம் இருந்தது இரண்டே நாள். காரியம் முடித்துக் கிளம்பியிருந்தால் வேலை, கடைப் பாக்கி, இங்கே ஆறு பேருக்கான சாப்பாடு எல்லாம் போயிருக்கும்.

அந்தத் தாளை எங்க பெரிய அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். எண்பது தாண்டின மனுஷி. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இதை அவரு ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே"ன்னாங்க.

உங்க வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு தாள் இருக்கலாம். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அதில் இருக்கிற தேதியை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.