சபையறியச் சொன்ன வரலாறு: பூர்வகுடி நில உரிமை ஆய்வில் வாய்மொழிச் சான்று

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கிட்க்ஸான், வெட்ஸுவெட்டென் மரபுத் தலைவர்கள் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரித் தொடுத்த டெல்கமூக் வழக்கில் விசாரணை 374 நாள் நடந்தது. 1991இல் நீதிபதி அலன் மெக்கீக்கர்ன் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். வாய்மொழி வரலாறுகளுக்குத் தனித்த சான்று மதிப்பு தர மறுத்தார். அம்மக்களோடு தங்கிப் பழகிய மானிடவியலாளர்களின் சாட்சியத்தை, அந்த நெருக்கத்தையே காரணம் காட்டி ஒதுக்கினார். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு, வாய்மொழிச் சான்றையும் எழுத்தாவணத்துக்கு நிகராக வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. ஆனால் அதன் நம்பகத்தை எதைக்கொண்டு சோதிப்பது?

சோதனை அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பதே என் வாதம். கிட்க்ஸான் சமூகத்தில் 'இல்லம்' என்பது தாய்வழி உறவுக்குழு. நிலம் அதற்கே உரியது. தலைவர் இறந்து, அவர் பெயரை அடுத்தவர் ஏற்கும் விருந்தில் அந்த இல்லத்தின் வரலாறான அடாவ்க் சபையறியச் சொல்லப்படும். எதிரே அமர்ந்திருக்கும் பிற குலத்தாரில் பக்கத்து நிலத்துக்காரரும் இருப்பர். அவர்கள் சாட்சிகள். சாட்சியாக வந்ததற்குப் பணமும் பொருளும் பெறுவார்கள். சொல்லப்படும் நில எல்லை பிசகினால் அங்கேயே மறுக்கலாம்; மறுக்காமல் பொருளைப் பெற்றுக்கொண்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். முதியவர் ஒருவரைத் தனியே உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்யும் ஆய்வாளருக்குச் சொற்கள் கிடைக்கின்றன. அவற்றை உறுதிசெய்த சபை கிடைப்பதில்லை.

அதே வழக்கில் மேரி ஜான்சன் என்ற மூத்த தலைவி தம் இல்லத்துப் பாட்டைப் பாட முன்வந்தபோது, அதை எழுதித் தந்தால் போதாதா என்று நீதிபதி கேட்டார். போதாது. அப்பாட்டைப் பாடும் உரிமை அந்த இல்லத்துக்கே உண்டு. ஆகவே பாடுவதே உரிமைக்குச் சான்று. எழுத்துப்படியில் அது வெறும் பாடல் வரியாகிவிடும்.

நிலவியல் சான்றைத் துணைக்கு அழைப்பதிலும் நிதானம் வேண்டும். ஏரியிலிருந்து எழுந்து காட்டை அழித்த பெருங்கரடியைப் பற்றி ஓர் அடாவ்க் சொல்கிறது. சீலி ஏரிப் பகுதியில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் பெரும் நிலச்சரிவு நேர்ந்ததை நிலவியலாளர்கள் கண்டறிந்து, இரண்டையும் இணைத்துப் பார்த்தனர். இந்தப் பொருத்தம் வியப்புக்குரியது. ஆனால் அதையே அளவுகோலாக்கினால், மண்ணில் தடம் விடாத திருமணங்களும் உடன்படிக்கைகளும் வரலாறே இல்லை என்றாகிவிடும்.

ட்சில்கோட்டின் என்ற பூர்வகுடி மக்களின் நில உரிமை வழக்கில் நீதிபதி டேவிட் விக்கர்ஸ் 2004இல் வகுத்த நெறி இதைவிடப் பயனுள்ளது. இந்த வரலாற்றைச் சொல்ல உரியவர் யார், இவர் யாரிடம் கேட்டறிந்தார், சமூகத்தில் இவருக்கு என்ன மதிப்பு, வரலாறு எவ்வாறு பேணப்படுகிறது என்பவற்றை முதலில் நிறுவச் சொன்னார். விசாரணையின் ஒரு பகுதி அம்மக்களின் ஊரிலேயே நடந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களது நில உரிமையை அறிவித்தது; கனடாவில் அதுவே முதல் முறை. இக்கேள்விகளை வழக்கு வரும்வரை ஒத்திப்போடாமல், ஒவ்வொரு பதிவின்போதும் ஆய்வாளரே கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். வழக்குகள் பல்லாண்டு இழுக்கும், அதற்குள் பதில் சொல்லக்கூடிய முதியோர் பலர் மறைந்துவிடுகிறார்கள்.