தீயணைக்க வந்த ஊரார்



தீயணைப்பு நிலையம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன செந்நிற வண்டியும், விடாது ஒலிக்கும் மணியும், காக்கியுடை வீரர்களின் அணிவகுப்புமாம். இவை யாவும் அண்மைக் காலத்தவை. ஊதியம் பெறும் படைகள் ஏற்படுமுன்னர் தீயை எதிர்த்து நின்ற வேறொரு படை இருந்தது. அதற்குச் சீருடை இல்லை, பதிவேடும் இல்லை. ஊராரே அந்தப் படை. அவர்தம் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மலையூர் வட்டவடை. பல தலைமுறைகளுக்கு முன் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறிக் குடியமர்ந்தவர் தம் முன்னோர் என்பது அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக, பாம்பாடும் சோலைக் காட்டைக் கடந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் இவ்வூரை அடையலாம். தீயணைப்பு வண்டி மூணாறிலிருந்து புறப்பட்டாலும், வளைந்து வளைந்து செல்லும் அம்மலைப் பாதையில் அது வந்து சேர்வதற்குள் ஒரு புற்கூரை சாம்பலாகிவிடும்.

மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்த வீடுகளே முற்காலத்தில் இத்தகைய மலையூர்களில் மிகுதி. மாசி, பங்குனி மாதங்களில் புல் நன்றாகக் காய்ந்துவிடும். காற்றும் வீசுமானால் ஒரு வீட்டுத் தீப்பொறி பத்து வீடுகளைத் தாவிப் பற்றும். ஆகவே கூரைத்தீயை அறிந்த ஊரார், எரிகின்ற வீட்டிற்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. காற்று வீசும் திசையிலுள்ள அடுத்த வீட்டுக் கூரையைப் பிரித்தெறிவார்கள். எஞ்சிய கூரைகள்மேல் நனைத்த சாக்குகளை விரிப்பார்கள். தன் வீடு பற்றுமுன்னரே அதன் கூரையைப் பிரிக்க இசைவது எளிய செயலன்று. அந்த இசைவே ஊர் ஒற்றுமையின் உரைகல்.

காட்டுத்தீக்கு முறை வேறு. பச்சிலைக் கொம்புகளால் தீயின் ஓரத்தை அடித்து அணைப்பர். புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்கித் தீத்தடுப்புக் கோடு இடுவர். தேவைப்படின் அக்கோட்டிலிருந்து எதிர்த்தீ மூட்டுவர். இரு தீயும் சந்திக்குமிடத்தில் எரிவதற்கு ஒன்றும் இராமையால் அவை அடங்கும். இவ்வுதவி முற்றிலும் விருப்பத்தைப் பொறுத்ததாகவும் விடப்படவில்லை. காட்டில் மாடு மேய்க்கவும் விறகெடுக்கவும் உரிமை பெற்றோர், காட்டுத்தீயைக் கண்டால் அதிகாரிகட்குத் தெரிவிப்பதும் அணைக்க முயல்வதும் கடமை என 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் விதித்தது.

ஊரார் செய்த இவ்வுதவி ஒழுங்கான அமைப்பாக உருப்பெற்ற வரலாறு உலகின் பல பகுதிகளில் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்ளின் 1736இல் தம் அண்டை அயலாரைச் சேர்த்து ஒரு தீயணைப்புச் சங்கம் நிறுவினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை மீட்பதற்கான பைகளையும் தம் செலவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

தமிழர் பெருவாரியாகக் குடியேறிய மலேயாவிலும் இத்தகைய கதை உண்டு. கோலாலம்பூர் அக்காலத்தில் பலகையாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன ஊர். 1881இல் மூண்ட பெருந்தீ அதனை அழித்தது. அதன்பின் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்ட ஆட்சியாளர் முனைந்தனர். அக்காலச் செங்கற்சூளைகளின் நினைவைத் தாங்கிய பிரிக்பீல்ட்ஸ், பின்னர் ரயில்வேத் தொழிலாளரான தமிழர் நிறைந்த பகுதியாயிற்று. 1883இல் பெல்லாமி என்பவர் தலைமையில் 15 தொண்டர்களைக் கொண்டு ஒரு தீயணைப்புப் படை அமைந்தது. இன்றைய மலேசியத் தீயணைப்புத் துறை தன் வரலாற்றை அந்தப் பதினைவரிலிருந்தே தொடங்குகிறது.

நம் நாட்டு நகரங்களில் பெருந்துயரங்களே பாடம் புகட்டின. 1886 டிசம்பர் 31ஆம் நாள் சென்னைப் பீப்பிள்ஸ் பார்க் பொருட்காட்சியில் தீப்பற்றிப் பல நூறு பேர் மாண்டனர். சென்னை நகரத் தீயணைப்புப் படை 1908இல் ஏற்பட்டது. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த கப்பலொன்று தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் உயிர் நீத்தனர். அந்நாளையே நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாகக் கொண்டாடுகிறோம். கேரளத்தில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் இப்பணிக்கு உருவம் தந்தது.

எனினும், ஊராரின் படை கலைந்துவிடவில்லை. வட்டவடைக்குச் செல்லும் வழியிலுள்ள டாப் ஸ்டேஷனுக்குக் கீழே, தேனி மாவட்டத்தில் குரங்கணி என்னும் ஊர் இருக்கிறது. 2018 மார்ச் 11ஆம் நாள் அம்மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றத்திற்குச் சென்றோர் சிக்கினர். அவருள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவிக்கு விரைந்தவர்களுள் அரசு ஊழியர்களோடு அவ்வட்டாரத்து மக்களும் இருந்தனர். 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற வனக் காவலர் மூவர் அத்தீக்கே இரையாயினர். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப்பின், கேரளத் தீயணைப்புத் துறை தன் நிலையங்களைச் சார்ந்து பொதுமக்களுள் தொண்டர்களைத் தேர்ந்து பயிற்றத் தொடங்கியது. பழைய வழக்கம் புதிய உருவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

இங்கே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பம்பாயில் மாண்ட வீரர்களின் தியாகத்தை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஊதியம் பெற்ற படைகட்கு நாட்குறிப்பும் பதிவேடும் உண்டு. ஆனால் புற்கூரையைப் பிரித்தவனுக்கும், குடம் குடமாகத் தண்ணீர் கைமாற்றிய பெண்ணுக்கும் ஏடு ஏது? அவர்தம் வரலாறு முதியோரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது. கூரைகள் ஓட்டிற்கும் காங்கிரீட்டிற்கும் மாற மாற, அந்த நினைவும் தேய்கிறது. அதனோடு காற்றின் போக்கை அறியும் அறிவும், தீத்தடுப்புக் கோட்டை எங்கே இடுவது என்னும் அனுபவமும் மறைகின்றன. காடுகள் காய்ந்து தீ மூளும் மாதங்களில் மலையூர்களுக்கு இன்றும் உயிர்க்காப்பாகக்கூடிய அறிவு இது.

ஆகையால், ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரரோ, காட்டுத்தீயோடு போராடிய முதியவரோ உங்கள் ஊரில் இருப்பாராயின், அவரை அணுகிக் கேளுங்கள். தீயென்று முதலில் குரல் கொடுத்தது யார்? தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வந்தது? எந்தக் கூரை முதலில் பிரிக்கப்பட்டது? காற்று எத்திசையில் வீசியது? அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதி, பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ வையுங்கள். நாளை அவ்வூரில் தீ மூளும்போது, வண்டி வந்து சேருமட்டும் இடையே நிற்கப்போகிறவர்கள் அவ்வூர் இளைஞர்களே. அவர்களுக்கு அந்த ஏடு வழிகாட்டும்.