தும்பிக்கை லையும் தார் பூசிய பலகையும்

பழைய புகைப்படம் ஒன்றின் பின்பக்கம் தேதி எழுதி வைக்காமல் விட்டுவிட்டீர்களா? கவலை வேண்டாம். அது தெருவில் எடுத்த படமாக இருந்தால், அதிலுள்ள ஏதாவது ஒரு கடைப் பலகையில் 'லை' என்ற எழுத்தைத் தேடிப் பாருங்கள். 'நிலையம்', 'சாலை', 'விலை' என்று எங்காவது ஒரு லை கண்ணில் படாமல் போகாது. அது யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல் தலைக்கு மேல் சுழியுடன் இருந்தால், அந்தப் பலகை அநேகமாக 1978க்கு முன் எழுதியது. இன்று நாம் எழுதுவதுபோல் முன்னால் சங்கிலிக் கொம்பு போட்டிருந்தால், பெரும்பாலும் அதற்குப் பின் எழுதியது.

போன மாதம் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் என் பழைய நெகடிவ்கள் கிடைத்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்பேசியால் ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் எடுத்தவற்றையே இந்த 'லை' முறையில்தான் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது.

1976இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை எதுவும் கிடையாது. மைத்துனர் ஒரு யாஷிகா கேமராவை இரவலாகக் கொடுத்திருந்தார். இடுப்பருகே வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கும் வகை. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு படம், அவ்வளவுதான். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம்தான் நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும். கலர் என்பது கல்யாண வீட்டுச் சமாசாரம். மனிதர்களைப் படமெடுக்க எனக்குக் கூச்சம். பலகைகள் ஒன்றும் கேட்காது. அப்படித்தான் தெருப் பெயர்களையும் கடைப் பெயர்களையும் எடுக்க ஆரம்பித்தேன்.

கறுப்பு வெள்ளையில் எழுத்தை எடுப்பது சுலபம் என்று நினைத்தேன். முதல் ரோலிலேயே பாடம் கிடைத்தது. பச்சைத் தளத்தில் சிவப்பு எழுத்து, பார்க்கப் பளிச்சென்று இருந்த ஒரு சைக்கிள் கடைப் பலகை. கழுவி வந்த படத்தில் எழுத்தையே காணோம். இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகிவிட்டன. நீலத்தில் வெள்ளை எழுத்து கொண்ட எனாமல் பலகைகள் வேறு விதமாகச் சதி செய்தன. பிலிமுக்கு நீலத்தின் மேல் பிரியம் அதிகம், ஆகவே நீலம் வெளுத்துப்போகும். ஸ்டூடியோக்காரர் ஒரு மஞ்சள் ஃபில்டர் கொடுத்தார். அது நீல ஒளியைத் தடுக்கும். நீலம் கறுத்து, வெள்ளை எழுத்து எழுந்து நிற்கும். அபர்ச்சரை ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும், அவ்வளவே. எனாமல் என்பது இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியை ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டுவது. எத்தனை வெயிலிலும் நிறம் மங்காது. சில்லு பெயர்ந்த இடத்தில்தான் துரு பிடிக்கும். பெயின்ட் பலகைகள் போன பிறகும் எனாமல் பலகைகள் பழைய எழுத்தோடு தங்கியதற்கு அதுதான் காரணம்.

இனி அந்த எழுத்தின் கதைக்கு வருகிறேன். பெரியார் 1935இலேயே தம் 'குடி அரசு' பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு இருந்த தும்பிக்கையை எடுத்துவிட்டு, மற்ற எழுத்துகளுக்கு உள்ள அதே கொம்பைப் போட்டார். ணா, றா, னா மூன்றும் அன்று தனிக் கால் இல்லாமல், எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். அவற்றுக்கும், அவற்றிலிருந்து வரும் ஒகர, ஓகார வடிவங்களுக்கும் சாதாரணக் கால் போட்டார். மொத்தம் 13 எழுத்துகள். அச்சுக் கோப்பவருக்கு அத்தனை அச்சு மிச்சம், குழந்தைக்கு அத்தனை விதிவிலக்கு மிச்சம் என்பது வாதம். ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் 'விடுதலை' இதழில் ஒரு லை, மற்றப் பத்திரிகைகளில் வேறு லை. ஒரு படிப்பகப் பலகையில் கொம்பு வைத்த லையைப் பார்த்தால், உள்ளே யார் இருப்பார்கள் என்பது தெருவிலேயே தெரிந்துவிடும்.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் நூற்றாண்டையொட்டி இதை அரசாணையாக்கியது. 'ஐ'யை 'அய்' என்றும் 'ஔ'வை 'அவ்' என்றும் எழுதும் யோசனையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம மவுண்ட் ரோடு, அண்ணா மறைந்தபின் 'அண்ணா சாலை' ஆனதல்லவா? அந்த இரண்டு சொற்களில் மாற வேண்டிய எழுத்து இரண்டு: ணா, லை. பெயர் மாறிப் பத்து வருஷம் ஆவதற்குள் எழுத்தும் மாறியது. என்னிடம் இரண்டு விதமும் இருக்கின்றன.

எங்கள் மேன்ஷனுக்குக் கீழே ஒரு பெயின்டர் இருந்தார். "கை பழைய லைக்குத்தான் போகுது சார், இழுத்துப் பிடிச்சு எழுத வேண்டியிருக்கு" என்பார். தும்பிக்கை உயரத்தில் போகும், கொம்பு அகலத்தைத் தின்னும். அளவெடுத்து வைத்த பலகையில் கடைசி எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்த நெருக்கத்தையும் படமெடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமை.

அது உண்மையில்லை என்று இப்போது நெகடிவ் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

அதே எழுபதுகளின் கடைசியில், தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பெயரை நீக்கச் சொல்லியும் அரசு உத்தரவு போட்டது. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலை, பலகையில் ஜி.என். சாலை ஆனது இப்படித்தான். புதுப் பலகை வரும்வரை பல இடங்களில் தாரைப் பூசி மறைத்தார்கள். எனக்குப் பிடித்த ஒரு நீல எனாமல் பலகை இருந்தது. தெருப்பெயரின் நடுவில் ஒரு சாதிப் பெயர். எழுத்து ஒவ்வொன்றும் கோயில் தூண் மாதிரி நிற்கும். முன்பே இரண்டு முறை எடுத்திருந்தேன். அன்று மூன்றாம் முறை போனபோது நடுவில் தார் வழிந்துகொண்டிருந்தது. கேமராவைத் திறக்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் ஆபீசில் மதிய சாப்பாட்டின்போது புலம்பினேன். "அழகான எழுத்தைப் பாழ் பண்ணிட்டாங்க." எதிரே உட்கார்ந்திருந்த நண்பர், செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சார், நான் வீடு தேடி அந்தத் தெருவுக்குப் போயிருக்கேன். மூணு வீட்டுல 'நீங்க என்ன ஆளுங்க'ன்னு கேட்டாங்க. வெளியே வந்து பலகையைப் பார்த்தேன். உள்ளே கேட்டதையேதான் அதுவும் கேட்டுது. எழுத்து அழகா இருந்துதான்னு நான் கவனிக்கலை."

நான் பதில் சொல்லவில்லை. பேச்சு வேறு எங்கோ போயிற்று. தும்பிக்கையைப் பிரித்துப் பார்த்த கண்ணுக்கு, நடுவில் இருந்த சொல் வெறும் வடிவமாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல் என்னை வாசலில் நிறுத்தியதில்லை.

பாரிஸ் நகரத்தின் பழைய தெருக்களையும் கடைப் பலகைகளையும் சுமார் முப்பது ஆண்டுகள் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்த யூஜின் அட்ஜேயைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். 1927இல் இறந்த அந்த மனிதர், தம் படங்களை ஆவணங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார். ஆவணம் என்றால் மனசுக்குப் பிடிக்காததும் அதில் இருக்க வேண்டும். என் பெட்டியில் அந்தப் பலகையின் அழகான படம் இரண்டு இருக்கிறது. தார் பூசிய படம் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நாளில் பலகையையே மாற்றிவிட்டார்கள். அந்தத் தெருவில் நடந்த முக்கியமான விஷயம் என்னிடம் இல்லை.

இப்போது பெயின்ட் பலகைகளும் போய், எங்கும் ஃபிளெக்ஸ். உங்கள் தெருவில் மிச்சமிருப்பதைப் படமெடுத்து வையுங்கள். கிழிந்தது, அழித்தது, மேலே ஒட்டியது எல்லாவற்றையும் எடுங்கள். இன்று பிலிம் செலவும் கிடையாது.

அன்றைக்கு ரோலில் எனக்கு ஒரு படம் மிச்சமிருந்தது. பிலிமை வீணாக்க மனமில்லாமல், நேரே மெரினாவுக்குப் போய் ஒரு சவாரிக் குதிரையை எடுத்துத் தீர்த்தேன். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.