ஹாராக்ஸ் பெட்டி

1915-இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் பின்வாங்கிய ஜெர்மன் படை, கால்நடைகளின் ஒட்டுண்ணியைக் கொல்லும் நச்சு மருந்தை சுவாகோப்முண்ட் கிணறுகளில் கொட்டிவிட்டுப் போனது. எதிரி விட்டுச்சென்ற கிணற்றை நம்பக் கூடாது என்பது படைகளுக்குப் பழைய பாடம். நஞ்சை விட மலக்கிருமிகள்தான் அதிகம் சிப்பாய்களைச் சாய்த்தன. அதனால் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாராக்ஸ், தூக்கிப் போகும்படி ஒரு நீர்ச் சோதனைப் பெட்டியை அமைத்தார். அது போர்முனையிலிருந்து நம் ஊர்க் கிணற்றடி வரை வந்தது.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது திருவிழாவுக்கும் மழைக்காலத்துக்கும் அதைத்தான் தூக்கிப் போவோம். ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம், 2 கிராம் கரண்டி. கறுப்புக் கிண்ணத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, கிணற்று நீர் ஊற்றிய ஆறு கிண்ணங்களிலும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று ஏற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருப்போம். பிறகு ஸ்டார்ச்-அயோடைடு கரைசல். முதலில் நீலம் காட்டுவது மூன்றாவது கிண்ணம் என்றால், 455 லிட்டருக்கு மூன்று கரண்டி பவுடர்.

மருந்தளவு பார்க்கத்தான் பெட்டி. ஆனால் அழுக்கு கூடக்கூடத் தண்ணீர் குளோரினைத் தின்னும். எங்கள் மூத்த ஆய்வாளர் கிணறுவாரியாகக் கிண்ண எண்ணை நோட்டில் குறித்து வைப்பார். போன வாரம் இரண்டில் நீலம் காட்டிய கிணறு இப்போது ஐந்துக்குப் போனால், "உள்ள என்னமோ விழுந்திருக்கு, இறங்கிப் பாருங்கப்பா" என்பார். என்ன விழுந்தது, யார் போட்டது என்று பெட்டி சொல்லாது; குடிக்கும் முன்பே எச்சரித்துவிடும்.

1982-இல் குவாலியர் ராணுவ ஆய்வகத்தைச் சேர்ந்த மஞ்சாவும் சக ஆய்வாளர்களும் மலக்கிருமியையே காட்டும் எளிய வழியை வெளியிட்டார்கள். இரும்பு உப்பும் தயோசல்ஃபேட்டும் ஏற்றிய தாள் ஒன்று சின்ன பாட்டிலில் இருக்கும். 20 மில்லி தண்ணீர் ஊற்றி வைத்தால், மலக்கிருமி இருக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிவந்து 12 முதல் 18 மணி நேரத்தில் கறுத்துவிடும். நம் வெயிலில் பாட்டிலைச் சூடாக வைக்கத் தனிப் பெட்டி கூட வேண்டாம். ஆனால் ஒரு ராத்திரி போய்விடும். அதற்குள் குடம் காலியாகிவிடும். அன்றாடக் காவலுக்குக் குளோரின் சோதனைதான்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயில் விழுந்து, மருத்துவர்கள் தண்ணீரைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் ஊரார் தொட்டி மேல் ஏறினார்கள். சிப்பாய்க்குக் குடிக்கும் முன் சோதனை. இந்தக் குழந்தைகளுக்குக் குடித்த பின். இதை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதனை கற்றுத்தருகிறார்கள். அவர்களில் ஒருவராவது காலனித் தெருக்காரராக இருக்க வேண்டும். பெட்டியும் நோட்டும் பஞ்சாயத்து பீரோவில் பூட்டிக் கிடக்காமல் அவர் வீட்டில் இருக்க வேண்டும். குழாயில் குளோரின் காணாத காலையில் வால்வை அடைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.