நடுவரின் குறிப்பேடு
பாத்திரமேற்பு ஆட்டங்களிற் பதிவுமுறையின் வரலாறு

காணி உறுதியானாலும் கோயிற் கணக்கானாலும், ஓர் ஆவணத்தை ஆராயப் புகுவோர் அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதோடு நின்றுவிடுவதில்லை; அது யாருடைய பெட்டகத்தில் இருந்தது என்பதையும் கேட்பர். விளையாட்டுகளைப் பொறுத்தவரை இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. சதுரங்கம் ஆடி முடிந்ததும் காய்கள் பெட்டிக்குட் செல்கின்றன. அடுத்த ஆட்டம் முந்தியதற்கு எவ்விதத்திலும் கடன்பட்டதன்று. ஆனால், சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்று உலகின் பல பாகங்களுக்கும் பரவிய ஒரு விளையாட்டு, பதிவேடின்றி நடைபெறவே முடியாத தன்மையுடையது. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்பர். நடுவர் ஒருவர் விரித்துரைக்கும் உலகில் அப்பாத்திரம் யாது செய்கின்றது என வாயாற் கூறுவர். ஐயத்துக்கிடமான செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். இதுவே பாத்திரமேற்பு ஆட்டம். ஒரே கதை வாரந்தோறும் தொடரும். சில குழுக்களில் அது ஆண்டுக்கணக்கில் நீளும். இவ்வாறு நீளும் கதையை ஆட்டக்காரர் 'கம்பெயின்' என்பர். ஒரு பருவகாலத்துப் படை நடவடிக்கையைக் குறித்த போர்த்துறைச் சொல் அது. தமிழில் தொடராட்டம் எனலாம். தொடராட்டத்தின் பதிவுகள் குறிப்பேட்டிலிருந்து கணனிக்கும், சொந்தக் கணனியிலிருந்து பிறர் கணனிக்கும் இடம்பெயர்ந்த வரலாறு, தோற்றத்திற் சிறியதாயினும், உடைமை பற்றிய பெரிய வினா ஒன்றை உள்ளடக்கியது.

நடுவர் என்ற பதவி பிரஷ்ய இராணுவத்தின் கொடையாகும். 1812ஆம் ஆண்டில் மூத்த ரைஸ்விற்ஸ், மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் சமர்ப்பித்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவர்தம் மைந்தர் அவ்விளையாட்டைச் செம்மைப்படுத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். இரு தரப்பினரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுத்தனர். எதிரியின் கண்ணுக்குப் புலப்படக்கூடிய படைகளை மாத்திரமே அவர் வரைபடத்தில் வைத்தார். ஆட்டத்தின் முழு உண்மையும் ஒருவர் அறிவில் மட்டுமே தங்கியிருக்கும் ஒழுங்கு இதனுடன் தோன்றிற்று.

அமெரிக்க அதிகாரி ஒருவர் 1880இல் எழுதிய 'ஸ்ட்ரற்றெகோஸ்' என்னும் போர் விளையாட்டு நூல், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர் மினசோற்றாவில் டேவிட் வெஸ்லி என்னும் இளைஞரின் கைக்கு எட்டியது. பல்கலைக்கழக நூலகமொன்றிற் கிடந்த பழைய நூல் ஒரு புதிய கலைவடிவத்துக்கு வித்திட்டது என்பது நூலகங்களிற் பொழுது கழிப்போருக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தியே. நெப்போலியன் காலத்துக் கற்பனை நகரம் ஒன்றை அமைத்து, ஆடவந்தோருக்குப் படைகளைக் கொடுப்பதற்குப் பதிலாக நகர முதல்வர், வங்கியாளர் எனத் தனி மனிதப் பாத்திரங்களை அளித்து, 1969இல் வெஸ்லி நடத்திய 'பிரவுன்ஸ்ரைன்' என்ற ஆட்டம் ஒரு திருப்புமுனையாகும். அதில் ஆடியோருள் ஒருவரான டேவ் ஆர்னெசன் வரலாறு பயின்ற மாணவர். அவர் 1971இல் 'பிளக்மோர்' என்ற கற்பனை நாட்டைப் படைத்தார். அதன் ஆட்டக்காரர் ஒவ்வொரு சந்திப்பிலும் அதே பாத்திரங்களாகவே திரும்பி வந்தனர். செல்வம் சேர்த்தனர், பகை தேடினர், சிலர் மடிந்தனர். யார் எவ்விடத்தில் எதனை விட்டுச் சென்றார் என்பதெல்லாம் ஆர்னெசனின் தாள்களிலும் நினைவிலுமே இருந்தன. 

இத்தாள்களே முதலாவது பிணக்குக்கும் காரணமாயின. விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா நகரைச் சேர்ந்த கரி கைகக்ஸ், ஆர்னெசன் அனுப்பிய குறிப்புகளைத் தம் சொந்த விதிகளோடு இணைத்து விரித்தெழுதினார். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்', அதாவது நிலவறைகளும் பறவைநாகங்களும் எனப் பொருள்படும் அவ்வாட்டம், 1974 ஜனவரியில் ரீ.எஸ்.ஆர். கம்பனியின் வெளியீடாக, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக வந்தது. முதற் பதிப்பு ஆயிரம் பிரதிகள். ஐந்து ஆண்டுகளின் பின், 1979இல், உரிமைத்தொகை கோரி ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார். 1981இல் அது இணக்கத்தில் முடிந்தது. சிதறலான குறிப்புகளை எழுதியவருக்கும் அவற்றைத் தட்டச்சிட்டு நூலாக்கியவருக்கும் இடையே எழுந்த இவ்வழக்கு, பின்னாளில் நிகழவிருந்தவற்றுக்கு ஒரு முன்னுரை போல அமைந்துவிட்டது.

அம்முதல் நூலில், ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றுண்டு. நடுவருக்கும் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் மூன்று வளையமுள்ள கோவையேடு, கட்டத்தாள், கோடிட்ட தாள், வரைகருவிகள், வர்ணப் பென்சில்கள் எனச் செல்லும் அப்பட்டியல் ஏறக்குறைய ஒரு கந்தோருக்கான கொள்வனவுப் பத்திரத்தை ஒத்தது. கற்பனையும் பொறுமையுள்ள நடுவர் ஒருவரும் அதன் இறுதிப் பகுதியிலேயே இடம்பெறுகின்றனர். 1979இல் வெளிவந்த நடுவருக்கான கைந்நூலில், கால ஓட்டத்தைக் கண்டிப்பாகப் பதிவு செய்யாதவிடத்துத் தொடராட்டம் பொருளற்றதாகிவிடும் எனக் கைகக்ஸ் வலியுறுத்துகின்றார். ஒரு பாத்திரம் காயம் ஆற இரு வாரங்கள் படுத்திருப்பின், அவ்விரு வாரங்களும் உலகெங்கும் கழிதல் வேண்டும். ஏனையோர் அதற்குள் வேறு காரியம் முடித்திருப்பர். பல குழுக்கள் ஒரே கற்பனை உலகைப் பகிர்ந்த அக்காலத்தில் நாட்குறிப்பு அலங்காரமன்று. அதுவே நியாயத்தின் ஆதாரமாக இருந்தது.

தாள் யுகத்துக்குரிய ஒரு பண்பு இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. நிலவறையின் மெய்யான வரைபடம் நடுவரின் மறைதட்டிக்குப் பின்னால் இருந்தது. ஆட்டக்காரருள் ஒருவர், நடுவர் வாயாற் சொல்வதைக் கேட்டு, கட்டத்தாளில் தம் குழுவுக்கான வரைபடத்தை வரைந்தார். "வடக்கே முப்பது அடி, பின்னர் கிழக்கே வளைவு" என்ற சொல்லைத் தவறாகக் கேட்டால் வரைபடம் பிழைத்தது. பிழைத்த வரைபடத்தை நம்பி ஓடியோர் சுவரில் முட்டினர். அப்பிழையும் ஆட்டத்தின் ஒரு கூறாகவே கொள்ளப்பட்டது. அவ்வாறே, நடுவரின் நாட்குறிப்பும் ஆட்டக்காரரின் குறிப்பேடும் ஒன்றோடொன்று முரண்படலாம். ஒரு சிற்றரசன் வாக்குறுதி அளித்தானா இல்லையா என்பதில் ஐந்து பேரிடம் ஐந்து சாட்சியங்கள் இருந்தன. வரலாற்று மூலங்களின் இயல்பே இதுவன்றோ! ஒரே நிகழ்வுக்குப் பல பதிவுகள், எதுவும் முழுமையன்று, எதனையும் ஒருவர் மட்டும் அழித்துவிட இயலாது.

கணனி இவ்வுலகினுள் முதலில் நடுவரின் உதவியாளாக நுழையவில்லை. அவருக்குப் பதிலாளாகவே நுழைந்தது. இலினோய் பல்கலைக்கழகத்தின் 'பிளேற்றோ' கற்பித்தற் கணனி வலையமைப்பில் 1975இல் எழுதப்பட்ட நிலவறை ஆட்டம் ஒன்று, பாடக் கோவை போலத் தோன்றும் பொருட்டு 'பெடிற்5' என்ற பெயரிற் கிடந்தது. நிர்வாகத்தினர் அதனைக் கண்டு அழித்தனர். நிலவறையில் உழைத்துச் சேர்த்தவை யாவும் இயந்திரத்தை ஆள்வோரின் ஒரு கட்டளையில் மறையக்கூடும் என்பது அவ்வாண்டிலேயே தெரிந்திருந்தது. எவரும் அதனைப் பாடமாகக் கொள்ளவில்லை.

வீட்டுக் கணனிகள் பரவிய பின்னரே பகடை உருட்டவும், பாத்திரங்களின் எண்களைக் கணக்கிடவும் சிறு நிரல்கள் எழுதப்பட்டன. 1988இல் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் நடுவருக்கான உதவி மென்பொருளின் முதற் பாகத்தை வெளியிட்டது. 1993இல் வரைபடம் வரையும் 'கம்பெயின் காற்றோகிறாபர்' வந்தது. 1996இல் விதிநூல்களே இறுவட்டிற் கிடைத்தன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: வாங்கியவரின் மேசைமீது வட்டு இருந்தது, எழுதியவை அவரது கணனியிலேயே தங்கின. குறிப்பேடு வடிவம் மாறிற்றேயன்றி வீடு மாறவில்லை.

வீடு மாறியது இணையத்தின் வரவோடுதான். 2004இல் 'பென்ரசி கிறவுண்ட்ஸ்' தொலைவிலுள்ளோரை ஒரே மேசைக்கு அழைத்தது. பலர் கூடித் திருத்தும் 'விக்கி' முறையைப் பின்பற்றிய 'ஒப்சிடியன் போர்ட்டல்' போன்ற தளங்கள், தொடராட்டம் ஒன்றின் ஊர்கள், மாந்தர், அமர்வு வரலாறு ஆகியவற்றை ஒன்றிணைத்துத் தேடவும் வாசிக்கவும் வழிசெய்தன. 2012இல் பொதுமக்களிடம் திரட்டிய நிதியுடன் 'ரோல்20' தோன்றிற்று. தொழில் தேடி வெவ்வேறு நகரங்களுக்குப் பிரிந்த பழைய நண்பர்களுக்கு இவை ஆற்றிய உதவியை எளிதாகக் கொள்ளலாகாது. 2020இல் பெருந்தொற்று மக்களை வீட்டுக்குள் அடைத்தபோது, இக்கருவிகள் இல்லையெனிற் பல தொடராட்டங்கள் அவ்வாண்டிலேயே அறுந்திருக்கும்.

ஆயினும், கருவி மாறுகையில் ஆட்டத்தின் அறிவொழுங்கும் மாறிற்று. இத்தளங்களில் நடுவர் வரைபடத்தையே திரையில் ஏற்றி, அதன்மேல் இருட்திரை ஒன்றைப் போர்த்துகின்றார். பாத்திரங்கள் நகர நகர இருள் விலகுகின்றது. ஆட்டக்காரர் காண்பது நடுவரின் மெய்யான வரைபடத்தின் பகுதியையே. வரைபடக்காரர் என்ற பணிக்கு அங்கு வேலையில்லை. பிழைத்த வரைபடமும் இல்லை. ஐந்து குறிப்பேடுகள் இருந்த இடத்தில் ஒரு பொதுப்பக்கம் இருக்கின்றது. வசதி பெரிதே, ஆனால் ஒரே பிரதியாய் இருக்கும் ஆவணம், அதனை வைத்திருப்பவர் கையை முழுவதும் நம்பியே வாழ்கின்றது.

அந்தக் கை எத்தகையது என்பதற்கு நான்காம் பதிப்பின் கதை சான்று. ரீ.எஸ்.ஆர். 1997இல் விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ற் நிறுவனத்துக்கும், அந்நிறுவனம் 1999இல் ஹஸ்புறோ கம்பனிக்கும் கைமாறியிருந்தன. 2008இல் வெளியான நான்காம் பதிப்புடன் சந்தா முறையிலான கணனிக் கருவிகளும் வந்தன. பாத்திரங்களை ஆக்கும் கருவி தொடக்கத்திற் சந்தாதாரரின் கணனியில் நிறுவப்பட்டது. 2010இல் அது இணையத்துக்கு மாற்றப்பட்டது. அது சார்ந்திருந்த 'சில்வர்லைற்' தொழினுட்பத்தை மைக்ரோசொவ்ற் கைவிடவிருந்த நிலையில், 2020 ஜனவரி முதலாந் திகதியுடன் அக்கருவிகள் மூடப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டின் ஏப்ரிலிற் 'கூகிள் பிளஸ்' மூடப்பட்டபோது அங்கு செழித்திருந்த ஆட்டக் குழுக்களின் உரையாடல்களும், டிசெம்பரில் 'யாகூ குறூப்ஸ்' உள்ளடக்கம் நீக்கப்பட்டபோது அதற்கும் முந்திய தலைமுறையின் கோவைகளும் சிதறின. பகைமையாற் செய்யப்பட்டவை அல்ல இவை. இலாபம் தராத அறையின் விளக்கை அணைப்பது போன்ற சாதாரண வணிகச் செயல்களே. அஞ்சத்தக்கது அந்தச் சாதாரணத்தன்மைதான்.

2017இல் தொடங்கப்பட்ட 'டீ அன்ட் டீ பியொண்ட்' தளத்தை, 2022இல் ஹஸ்புறோ 146.3 மில்லியன் டொலருக்கு வாங்கியது. மறு ஆண்டு ஜனவரியில், 2000ஆம் ஆண்டு முதல் வழக்கிலிருந்த திறந்த உரிமத்தை இறுக்கும் வரைவு ஒன்று கசிந்தபோது, ஆட்டக்காரர் தம் சந்தாக்களைத் திரளாக நிறுத்தினர். மாத முடிவுக்குள் கம்பனி பின்வாங்கி, அடிப்படை விதிகளைப் பொதுப் பயன்பாட்டு உரிமத்தின் கீழ் வெளியிட்டது. ஓகஸ்ற் 2024இல் நிகழ்ந்தது இதனிலும் நுட்பமானது. புதிய பதிப்பு வருவதை ஒட்டி, ஆட்டக்காரரின் பாத்திரத்தாள்களில் ஏற்கெனவே இருந்த மந்திரங்களின் வாசகம் புதியதாக மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழச் சில நாட்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும், ஒருவர் தமது எனக் கருதிய தாளில் அவர் அறியாமலே எழுத்தை மாற்றும் வல்லமை யாரிடம் உள்ளது என்பது அன்று வெளிப்பட்டது. 1974இன் வளையக் கோவையேட்டுக்குள் எந்தக் கம்பனியும் கை நுழைத்ததில்லை.

இதற்கு எதிர்வினையாகச் சிலர் பின்னோக்கித் திரும்பியுள்ளனர். 2020இல் வெளியான 'பவுண்ட்றி' ஒரு முறை விலை கொடுத்து வாங்கி, ஆடுவோரின் சொந்தக் கணனியிலேயே நடத்தக்கூடியது. அதே ஆண்டில் வந்த 'ஒப்சிடியன்' என்னும் குறிப்பு மென்பொருள் எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோவைகளாகப் பயனாளரின் கணனியிலேயே வைக்கின்றது. தாளும் நிலையானதன்று என்பது மறுக்கொணாதது. வெள்ளமும் கறையானும் சந்தா கேட்பதில்லை. ஆனால் அவை ஒரு வீட்டின் ஏட்டையே அழிக்கின்றன. ஒரே நாளில் எல்லா வீட்டு ஏடுகளையும் அழிப்பதில்லை.

இவ்வாட்டத்தின் தோற்றத்தை 2012இல் விரிவாக எழுதிய ஜோன் பீற்றர்சன், பழைய கடிதங்களையும் தட்டெழுத்துச் சிற்றேடுகளையும் ஆதாரமாகக் கொண்டே தம் நூலை ஆக்கினார். அவை பரண்களிலும் பெட்டிகளிலும் நாற்பது ஆண்டுகள் எவருடைய அனுமதியும் இன்றிக் கிடந்தவை. கைகக்ஸ் 1973இல் தட்டச்சிட்ட முதல் வரைவு, ஆட்டத்தின் ஐம்பதாம் ஆண்டாகிய 2024இல், அதன் உரிமையாளரான கம்பனியாலேயே நூலாக வெளியிடப்பட்டது. 2020 ஜனவரியில் மூடப்பட்ட கருவிகளில் இருந்த பாத்திரங்களுள், அதற்கு முன்னர் எவரேனும் தம் கணனிக்கோ தாளுக்கோ பிரதி எடுத்து வைத்தவை மாத்திரமே இன்று எஞ்சியுள்ளன.